நான்கு கோழிகளுக்கு எப்படிப்பட்ட கூடு வேண்டும்? கொல்லைப்புறக் கூட்டைத் தேர்வதும் பேணுவதும்

கொல்லைக்கதவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறத்தில் 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள வெற்றிடத்தில் நான்கு பெட்டைக்கோழிகளை வளர்க்க முடிவு செய்திருக்கிறோம். முட்டை வீட்டுத் தேவைக்கு மட்டுமே. குஞ்சு பொரிக்கும் எண்ணம் இல்லாததால் சேவல் வாங்கப் போவதில்லை. கோழிகள் வந்த பிறகு அவசரமாக எதையாவது கட்டி அவற்றை அடைப்பதில் எனக்கு விருப்பமில்லை. முதலில் கூடு, அதன் பிறகுதான் கோழி என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

ஆயத்தமாக விற்கப்படும் மரக்கூடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் அட்டையில் ஆறு கோழிகளுக்கு ஏற்றது என்று அச்சிடப்பட்டுள்ளது. உறங்கும் அறை 90 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் அடியிலும் பக்கத்திலும் கம்பி வலை அடித்த சிறிய திறந்தவெளி இருக்கிறது. ஒரே நாளில் பூட்டி நிறுத்திவிடலாம் என்கிறார்கள். இதை வாங்குவது சரியா, அல்லது நானே பலகை வாங்கிச் செய்வது நல்லதா? வளர்த்து அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

மரச்சீவல்

கோழி வரும் முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பெரும்பாலானவர்கள் கோழி நோயுற்ற பிறகே கூட்டைப் பற்றிக் கேட்கிறார்கள்.

அட்டையில் உள்ள எண்ணிக்கையை விட்டுவிட்டு அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன அறையின் பரப்பு 0.54 சதுர மீட்டர். நடுத்தர உடல்வாகுள்ள முட்டைக்கோழி ஒன்றுக்கு அடைக்கும் அறையில் 4 சதுர அடி, அதாவது சுமார் 0.37 சதுர மீட்டர் வேண்டும் என்பதே வீட்டு வளர்ப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. நான்கு கோழிகளுக்கு ஏறத்தாழ 1.5 சதுர மீட்டர் தேவைப்படும் இடத்தில், அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கொண்ட அறையை ஆறு கோழிகளுக்கு என்று விற்கிறார்கள். பகல் முழுவதும் வெளியே திரியும் கோழிகளுக்கு உள்ளறை சற்றுக் குறைந்தாலும் பெரிய தீங்கில்லை. ஆனால் மழை நாட்களிலும் நீங்கள் வெளியூர் செல்லும் நாட்களிலும் அவை அடைபட்டே இருக்கும் என்பதை மனத்தில் வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். உலவும் வெளிக்குக் கோழி ஒன்றுக்கு 8 முதல் 10 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், உங்கள் நான்கு கோழிகளுக்கு 3 முதல் 3.7 சதுர மீட்டர் வலையடித்த வெளி வேண்டும். உங்கள் இடத்தில் அது தாராளமாக அமையும்.

இட நெருக்கடியை வெறும் வசதிக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். கோழிக்கூட்டத்தில் யார் முதலில் இரை எடுப்பது, யார் விலகி நிற்பது என்ற வரிசை எப்போதும் உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே இந்தக் கொத்தும் வரிசையை விவரித்திருக்கிறார். வரிசையில் கடைசியில் உள்ள கோழிக்கு ஒதுங்கிச் செல்ல இடமிருந்தால் ஒரு கொத்தோடு சண்டை முடிந்துவிடும். இடமில்லாவிட்டால் இறகைப் பிடுங்குவதும், இரத்தம் கண்டதும் மற்றவையும் சேர்ந்து கொத்துவதும் தொடங்கிவிடும்.

இன்னொரு செய்தியும் உண்டு, எனக்கு இதுவே முதன்மையானது. எந்தக் கூட்டை வாங்குவதற்கு முன்பும் அதன் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிப் பாருங்கள். நான்கு மூலைகளையும் உங்கள் கை தொட வேண்டும். ஒரு கரண்டியோ தூரிகையோ பிடித்தபடி தொட வேண்டும். கை எட்டாத மூலை கழுவப்படாத மூலையாகத்தான் இருக்கும், அங்கிருந்துதான் எல்லாத் தொல்லைகளும் கிளம்பும். நான் பதினோரு ஆண்டுகளாகக் கூடு செய்து வருகிறேன். பிறர் கேட்கும்போது கோழியின் அளவைவிடக் கழுவப் போகிறவரின் உயரத்தைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.

முட்டைக்கூடை

மரச்சீவல் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அந்த ஆயத்தக் கூடு போன்ற ஒன்றை நாங்கள் முதலில் வாங்கினோம். பலகையின் தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பலகை உப்பிக் கதவு மூட மறுத்தது. கீலைப் பிடித்திருந்த குறுகிய திருகாணிகள் கையோடு கழன்று வந்தன. இருப்பினும் அதை எறிந்துவிடவில்லை. புதிய கோழி வாங்கும்போது முப்பது நாள் தனிமைப்படுத்தி வைக்கவும், அடிபட்ட கோழியைப் பிரித்து வைக்கவும் அது இன்றும் உதவுகிறது. நீங்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால் வருந்த வேண்டாம், ஆனால் இன்னும் வாங்கவில்லை என்றால் அந்தப் பணத்தைக் கெட்டியான பலகையிலும் நல்ல வலையிலும் செலவிடுங்கள்.

கொல்லைக்கதவு

மிக்க நன்றி. இன்னும் வாங்கவில்லை. நானே செய்வதென்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வலை பற்றி ஒரு சந்தேகம். அறுகோணக் கண்கள் கொண்ட மெல்லிய வலையைத்தானே கோழி வலை என்றே விற்கிறார்கள்? அது போதுமா? மேலும், குளிரும் மழைச்சாரலும் உள்ளே புகாதபடி நான்கு புறமும் பலகையால் இறுக்கமாக அடைத்துவிட வேண்டும் என்று உறவினர் ஒருவர் வலியுறுத்துகிறார். அதுவும் சரிதானா?

வேலியோரம்

வலை பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அதற்கான விலையை நான் கொடுத்திருக்கிறேன்.

அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். மரநாயும் கீரியும் அதன் கண்களை விரித்துவிடும். எலிக்கும் பாம்புக்கும் அது திறந்த வாசல்தான். என் மூன்று கோழிகளை ஒரே இரவில் இழந்தேன். வலை கிழியவில்லை. வலைக்குக் கீழே மண்ணைப் பறித்துக்கொண்டு ஏதோ ஒன்று உள்ளே வந்திருந்தது. நான்காவது கோழி முட்டைப்பெட்டியின் மூலையில் ஒடுங்கி உயிரோடு இருந்தது. அது மீண்டும் முட்டையிடத் தொடங்கப் பல வாரங்கள் ஆயின. அந்தக் காலையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதன் பிறகு செய்தது இதுதான். பற்றவைத்த சதுரக் கண் வலை, கண்ணளவு அரை அங்குலம், அதாவது 12 அல்லது 13 மில்லிமீட்டர். அதை ஆணிக்கொக்கியால் மட்டும் அடிக்காமல், வலையின் ஓரத்தின் மேல் ஒரு மரப்பட்டியை வைத்துத் திருகாணியால் இறுக்கினேன். தரைமட்டத்தில் வலையை வெளிப்புறமாக மடித்து, சுற்றிலும் 30 முதல் 45 சென்டிமீட்டர் அகலத்துக்கு மண்ணின் மேல் விரித்து, அதன்மேல் கல்லும் புல்கரணையும் பரப்பினேன். தோண்டும் விலங்கு சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே காலுக்கடியில் வலை தட்டுப்பட்டால், பின்னுக்குச் சென்று தோண்டலாம் என்பது அதற்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. வலையைச் செங்குத்தாக ஓர் அடி ஆழம் புதைப்பதும் பயன் தரும், ஆனால் விரிப்பதுதான் எளிது.

மேற்புறத்தையும் மூடுங்கள். பருந்து பகலில் வரும், ஏறத் தெரிந்த விலங்கு இரவில் வரும். தாழ்ப்பாள் ஒன்றுக்கு இரண்டாக, இரண்டாவது கொண்டி சுருள்வில் கொக்கியாக இருக்கட்டும். வெறும் திருப்புக்கட்டை போதாது. அந்தி சாய்ந்ததும் கதவை மூடுவதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்; தவறக்கூடும் என்று தோன்றினால் வெளிச்சத்தை உணர்ந்து தானே மூடும் கதவைப் பொருத்துங்கள், பொருத்திய பிறகும் முதல் சில வாரங்கள் நேரில் சென்று எண்ணிப் பாருங்கள்.

மரச்சீவல்

வேலியோரம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வலையை வெட்டும்போது சிதறும் கம்பித் துணுக்குகளையும் கீழே விழும் திருகாணிகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். மினுக்கும் எதையும் கோழி கொத்தி விழுங்கும். துத்தநாகம் பூசிய கம்பி இரைப்பையின் அரைப்பில் கரைந்து நஞ்சாகும். கூரிய முனை இரைப்பையையே துளைக்கும். வேலை முடிந்ததும் ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்மேல் இழுத்துச் செல்வது என் வழக்கம். ஒவ்வொரு முறையும் அதில் ஏதேனும் ஒன்று ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

தோட்டத்து நிழல்

காற்றைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுத விரும்புகிறேன். உங்கள் உறவினர் அன்போடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம்.

கோழியின் உடல் வெப்பம் 41 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். நன்றாகத் தின்று உலர்ந்திருக்கும் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு குளிரைத் தாங்கிவிடும். அது தாங்காதது ஈரத்தையும் அம்மோனியா வாடையையும்தான். இரவு முழுவதும் மூச்சிலிருந்து நீராவி வெளியேறுகிறது; எச்சத்தின் பெரும்பகுதி நீர். இறுக்கமாக அடைத்த பெட்டியில் இந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரில் வியர்க்கிறது, கூளத்தை நனைக்கிறது. நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா எழுகிறது. அம்மோனியா கண்ணை உறுத்துவதோடு மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசியையும் கிருமியையும் வெளித்தள்ளும் நுண்மயிர்களையும் கெடுக்கிறது. அதன் பிறகு சாதாரணச் சளிகூடக் கோழியைச் சாய்த்துவிடும். உறைபனி விழும் இடங்களிலும் கொண்டை கருகுவதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல, உள்ளே தேங்கிய ஈரமும் சேர்ந்தே காரணமாகிறது.

எனவே காற்றுவழி வேண்டும். அது எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கோழிகள் அமர்ந்திருக்கும்போது அவற்றின் தலைக்கு மேலே, கூரையின் இறக்கத்துக்கு அடியில், எதிரெதிர்ச் சுவர்களில் நீண்ட திறப்புகளை விட்டு, வலையடித்துவிடுங்கள். சூடான ஈரக்காற்று மேலே எழுந்து அதன் வழியே வெளியேறும். காற்று கோழியின் மேல் நேராக வீசாது. கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி திறப்பு என்று கணக்கிடுவது பழக்கம். கூரையை 20 அல்லது 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டினால் சாரல் உள்ளே வராது. வெப்பம் மிகுந்த இடமாக இருந்தால் ஒரு பக்கச் சுவர் முழுவதையுமே வலையாக விட்டுவிடலாம்.

அது போதுமா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் உங்கள் மூக்கை வைத்து மூச்சை இழுங்கள். கண் கரித்தால் கோழிகள் இரவு முழுவதும் அதைத்தான் மூச்சாக இழுத்திருக்கின்றன.

முட்டைக்கூடை

கோழி அமரும் கம்பு பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். கோழியின் மூதாதையான காட்டுக்கோழி மரக்கிளையில் உறங்கும் பறவை. நம் கோழியும் இருட்டியதும் கூட்டுக்குள் உயரமான இடம் எதுவோ அதைத் தேடித்தான் ஏறும். ஆகவே கம்பு முட்டைப்பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். கோழி ஒன்றுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் என்றால் உங்களுக்கு ஒரு மீட்டர் கம்பு ஒன்று போதும். 4 அல்லது 5 சென்டிமீட்டர் அகலமும், உராய்ந்து மழுக்கிய விளிம்பும் இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாயும் உலோகக் குழாயும் வழுக்கும்.

மிக உயரமாக வைத்துவிடவும் கூடாது. கனத்த கோழி தினமும் உயரத்திலிருந்து கடினமான தரையில் குதித்தால் உள்ளங்கால் கன்றிப்போகும். அல்லது கம்பின் சிலாம்பு குத்தும். அந்தச் சிறு காயத்தில் கிருமி புகுந்து, நடுவில் கறுத்த பொருக்குடன் கால் வீங்கிவிடும். ஆறுவதற்கு வெகுநாள் பிடிக்கும். உள்ளறையில் முழங்கால் உயரம் எனக்கு நிறைவாக இருக்கிறது.

முட்டைப்பெட்டி 30 சென்டிமீட்டர் நீள அகல உயரத்தில் ஒன்றோ இரண்டோ போதும். நான்கு பெட்டி வைத்தாலும் நான்கு கோழிகளும் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும். சற்று இருட்டான மூலையில் வையுங்கள்.

புல்வெளி

எல்லோரும் நிலையான கூட்டையே பேசுகிறீர்கள். நான் சக்கரம் வைத்த, அடிப்பகுதி திறந்த நடமாடும் கூட்டை வைத்திருக்கிறேன். நாள்தோறும் ஒரு கூட்டின் நீளத்துக்கு நகர்த்துகிறேன். கோழிகளுக்குப் புதுப் புல்லும் புழுவும் கிடைக்கின்றன; எச்சம் ஓரிடத்தில் குவியாமல் நிலத்துக்கு உரமாகிறது; ஒரே மண்ணில் ஒட்டுண்ணிகள் பெருகவும் வாய்ப்பு குறைகிறது. கழுவும் வேலை ஏறக்குறைய இல்லை. தொடங்கியவர் இதையும் கருத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேலியோரம்

புல்வெளி சொல்லும் நன்மைகள் உண்மையானவை. ஆனால் இவருக்கு இருப்பது 24 சதுர மீட்டர். 4 சதுர மீட்டர் கூட்டை நாள்தோறும் நகர்த்தினால் ஏழாம் நாள் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவார். கோழி கிளறிய புல் ஆறு நாளில் தேறாது. ஒரு மாதத்தில் முழு இடமும் வெறும் மண்ணாகிவிடும், மழை வந்தால் சேறாகிவிடும். மேலும் நிலம் சமமாக இல்லாத இடத்தில் கூட்டின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே விழும் இடைவெளியைத்தான் நான் அஞ்சுகிறேன். இடம் பரந்திருப்பவருக்கு அது சிறந்த முறை. இங்கே நிலையான கூடுதான் பொருந்தும் என்பது என் கருத்து.

புல்வெளி

இடத்தின் அளவை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். 24 சதுர மீட்டருக்கு நீங்கள் சொல்வதே சரி.

கொல்லைக்கதவு

எல்லோரும் இவ்வளவு பொறுமையாக எழுதுவது எனக்குப் பெரிய உதவி. கூட்டின் வரைபடம் இப்போது தெளிவாகிவிட்டது. நான் நின்றபடியே நுழையக்கூடிய உயரத்தில், 1.5 மீட்டருக்கு 1 மீட்டர் உள்ளறையும், அதையொட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர் வலைவெளியும் அமைக்கிறேன். தரையில் என்ன பரப்புவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை அள்ளுவது என்பதை மட்டும் சொல்லுங்கள். தினமும் கழுவ வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். ஆறு மாதம் தொடவே வேண்டாம் என்று இன்னொருவர் சொல்கிறார்.

தோட்டத்து நிழல்

இரண்டும் வெவ்வேறு முறைகள், அதனால்தான் முரணாகத் தெரிகிறது.

ஆறு மாதம் தொட வேண்டாம் என்றவர் ஆழ்கூள முறையைச் சொல்லியிருப்பார். அதில் மரச்சீவல், உமி, நறுக்கிய வைக்கோல், உலர்ந்த இலை போன்றவற்றை 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, எச்சம் விழ விழ அதைக் கிளறிவிட்டு, மேலே புதிய கூளம் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கூளத்தின் கரிமமும் எச்சத்தின் தழைச்சத்தும் சேர்ந்து நுண்ணுயிர்களால் மெல்ல மட்கத் தொடங்கும். தொடவே வேண்டாம் என்பது தவறான புரிதல். வாரத்தில் இருமுறை கவைக்கோலால் புரட்டியே ஆக வேண்டும். ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் நன்று, உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, உலர்ந்த கூளம் சேர்க்க வேண்டும். இந்த முறை மண்தரையிலோ நல்ல உயரமான வாசற்படி உள்ள அறையிலோதான் சரிப்படும். தரையிலிருந்து உயர்த்திய மெல்லிய பலகைத் தளத்தில் செய்தால் பலகை உளுத்துப்போகும்.

உங்கள் அளவுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. கோழியின் எச்சத்தில் ஏறக்குறைய பாதி இரவில் கம்பின் நேர் கீழே விழுகிறது. அங்கே ஒரு தட்டுப்பலகையை வைத்து, காலையில் முட்டை எடுக்கப் போகும்போதே கொத்துக்கரண்டியால் வழித்து மட்குக்குழியில் போட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. மீதித் தரையில் கூளம் பரப்பியிருந்தால் பல வாரங்கள் உலர்ந்தே இருக்கும். தண்ணீர் ஊற்றித் தினமும் கழுவுவதைக் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள், கூட்டுக்குள் ஈரத்தை நாமே கொண்டுபோய் விடுவதாகிவிடும். புது எச்சம் செடியைக் கருக்கும் என்பதால் பல மாதங்கள் மட்கிய பிறகே பாத்திக்குப் போடுங்கள். மணம் வீசும் தேவதாரு வகை மரச்சீவலும், மருந்தோ வண்ணமோ பூசிய பலகையின் சீவலும் வேண்டாம்.

கால்நடைப்பணி

நான் கால்நடை மருத்துவ உதவியாளராகப் பணியாற்றுகிறேன். வீட்டுக் கோழிகளோடு வருபவர்களிடம் நான் காணும் தொல்லைகளில் பாதிக்கு மேல் கூட்டில்தான் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்றை விரிவாக எழுத வேண்டும்.

கோழிச்செல் என்று நாம் சொல்லும் சிவப்புச் சிற்றுண்ணி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர். பகலில் அது கோழியின் மேல் இருக்காது. கம்பு சுவரில் செருகும் பொந்து, பலகை இணையும் இடுக்கு, கூரைத் தாளின் அடிப்புறம் ஆகியவற்றில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால்தான் பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் எதுவும் இல்லை என்று நம்பி ஏமாறுகிறார்கள். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் உண்ணியாக வளர அதற்கு ஒரு வாரமே போதும். இரத்தமே இல்லாமல் பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கவும் முடியும். ஆகவே கூட்டைச் சில வாரங்கள் காலியாக விட்டால் ஒழிந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

அறிகுறிகள் இவை. மாலையில் கூட்டுக்குள் போக மறுத்து வெளியே நின்றுகொண்டிருக்கும் கோழி, வெளிறிய கொண்டை, காரணமின்றிக் குறையும் முட்டை, முட்டை ஓட்டில் சிறு சிவப்புப் புள்ளிகள். ஐயம் வந்தால் இருட்டிய பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கம்பின் அடிப்பக்கத்தில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். தாளில் சிவப்புக் கீறல் விழுந்தால் அது நசுங்கிய உண்ணியின் வயிற்றில் இருந்த கோழியின் இரத்தம்.

அப்போது கூளம் முழுவதையும் அப்புறப்படுத்தி, கம்பைக் கழற்றி, எல்லா இடுக்குகளையும் கொதிநீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்து, நன்றாக உலரவிட்டு, இடுக்குகளை மெழுகாலோ மரப்பசையாலோ அடைக்க வேண்டும். டயட்டம் மண் (பூச்சியை உலர்த்திக் கொல்லும் மெல்லிய மண்தூள்) தூவுபவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தூவட்டும், ஏனெனில் அந்தத் தூசி மனித நுரையீரலுக்கும் கோழியின் நுரையீரலுக்கும் கேடு. முட்டைகள் தப்பிப் பொரிந்திருக்கும் என்பதால் ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் மறுபடி முழுவதையும் செய்ய வேண்டும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கூட்டுக்குள் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், அது கோழிக்கும் போகும், முட்டைக்கும் போகும்.

பேன் வேறு. அது பகலிலும் கோழியின் மேலேயே இருக்கும். எச்சத்துளையைச் சுற்றியுள்ள இறகை விலக்கினால் இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஈர் தெரியும். கோழி தானே அதைக் கட்டுப்படுத்திக்கொள்ள மண்குளியல் வேண்டும். மழை படாத மூலையில் மெல்லிய உலர்ந்த மண்ணும் மணலும் நிரப்பிய ஒரு தொட்டி போதும்.

தடுப்பூசியைக் கோழி வாங்கும் இடத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், குறிப்பாக வெள்ளைக் கழிச்சலுக்கு. அந்த நோய் வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து இல்லை. கூட்டுக்குள் போக ஒரு தனிச் செருப்பு, வெளியே வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுதல் ஆகிய இரண்டையும் வீட்டுக் குழந்தைகளுக்கும் பழக்குங்கள். நலமாகத் தெரியும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

முட்டைக்கூடை

தீவனம் பற்றிச் சுருக்கமாக. ஒரு கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். நான்குக்கும் அரைக் கிலோவை ஒட்டி வரும். மாலைக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வைத்து, இரவில் தீவனப் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள். எலியைக் கூட்டுக்கு அழைப்பது கோழியல்ல, மிச்சத் தீவனம்தான். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தேவையான அளவு எடுத்துக்கொள்ளும். தண்ணீர் சாதாரண நாளில் நான்கு கோழிக்கு ஒரு லிட்டர், வெயில் நாளில் அதைப்போல் இருமடங்கு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது, அந்த நேரத்தில் தண்ணீர் தீர்ந்திருந்தால் சில மணி நேரத்தில் செத்துப்போகும். வெறும் தகரக் கூரை போடுவதாக இருந்தால் அதன் அடியில் ஒரு பலகைத் தட்டும், இடையே காற்று ஓட இடைவெளியும் கட்டாயம் விடுங்கள்.

கொல்லைக்கதவு

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கூட்டைக் கட்டி முடித்து, அதன் பிறகே நான்கு விடைக்கோழிகளைக் கொண்டுவந்தோம். முதல் இரண்டு வாரங்கள் நான்கும் முட்டைப்பெட்டிக்குள்ளேயே உறங்கி அதை எச்சத்தால் நிரப்பின. அளந்து பார்த்தபோது கம்பும் பெட்டியும் ஒரே உயரத்தில் இருப்பது தெரிந்தது. கம்பை 20 சென்டிமீட்டர் உயர்த்தி, மாலையில் பெட்டியின் வாயைச் சாக்குத் துணியால் மூடி, விடியும் முன் எடுத்துவிட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து எல்லாம் கம்பில் அமர்கின்றன. கடந்த மாதம் முதல் முட்டை கிடைத்தது. வலையின் ஓரத்தில் ஒருமுறை மண் பறித்த தடம் தெரிந்தது, விரித்த வலையோடு அது நின்றுவிட்டிருந்தது. வேலியோரத்துக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆனால் மூன்று நாளாக ஒரு கோழி மட்டும் மாலையில் உள்ளே வரத் தயங்குகிறது. நேற்று இரவு வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்த்தேன். கம்பின் இடது முனையில், சுவரில் செருகும் இடத்துக்கு அருகே, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. வேறு எங்கும் இல்லை.

கால்நடைப்பணி

தொடக்கத்திலேயே பார்த்துவிட்டீர்கள். இன்று பகலிலேயே கம்பைக் கழற்றி இரு முனைகளிலும் கொதிநீர் ஊற்றுங்கள். சுவர்ப்பொந்துக்குள் தூரிகையை விட்டுத் தேயுங்கள். கூளத்தையும் முட்டைப்பெட்டியின் வைக்கோலையும் எடுத்து, மூடிய பையில் வெளியேற்றுங்கள். மட்குக்குழியில் போட வேண்டாம். ஆறாம் நாள் இதே வேலையைத் திரும்பச் செய்துவிட்டு, அன்றிரவு மறுபடி தாளால் துடைத்து, என்ன கண்டீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள். நான்கு கோழிகளின் கொண்டை நிறத்தையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

மரச்சீவல்

கம்பைத் திரும்ப மாட்டும்போது சுவர்ப்பொந்தில் செருக வேண்டாம். பொந்தை அடைத்துவிட்டு, மேற்புறம் திறந்த ஓர் உலோகத் தாங்கியைச் சுவரில் பொருத்தி அதன்மேல் கம்பை வெறுமனே உட்கார வையுங்கள். வாரம் ஒருமுறை கையால் தூக்கி வெயிலில் போட்டு எடுக்க வசதியாக இருக்கும்.

கொல்லைக்கதவு

தாங்கி இரண்டு வாங்கி வந்துவிட்டேன். கோழிகள் இப்போது வலைவெளியில் இருக்கின்றன, அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆறாம் நாள் எழுதுகிறேன்.